ஞாயிறு காலை மூணு மணி நேரம் மட்டும்

மறுநாள் இன்டர்னல் தேர்வு. வழக்கம்போல ஹாஸ்டல்ல யாரும் படிக்கவில்லை. ரூம்மேட் ஒருத்தன் மொபைலில் வீடியோ ஒன்று பார்த்துக்கொண்டிருந்தான். பிரிட்டனில் இருக்கிற வேல்ஸ் நாட்டு மலைப்பகுதி. ரெண்டு பக்கமும் புல் சரிவு, நடுவில் ஒரு கார் மட்டும் போகிற அளவுக்குக் குறுகலான தார் ரோடு, அதில் நாலு பேர் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷ வீடியோவில் குறுக்கே வந்தது ஆட்டு மந்தை மட்டும்தான். ஒரு வண்டிகூட வரவில்லை.

"நமக்கெல்லாம் இந்த மாதிரி ரோடு எங்கடா இருக்கு?" என்று பெருமூச்சு விட்டான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் தியாகதுருகத்துக்காரன். "எங்க ஊர்ல இருந்து கல்வராயன் மலை அடிவாரம் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. வந்து பாரு" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாலு பேர் கிளம்பிவிட்டோம். போய்வந்த பிறகு மனசில் ஒரு கோரிக்கை நின்றது, அதோடு ஒரு உறுத்தலும் நின்றது. ரெண்டையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம். கோரிக்கையை மட்டும் எழுதினால் அது டூரிஸ்ட் பேச்சாகிவிடும்.

முதலில் சமவெளி

எங்களிடம் இருந்த நாலு சைக்கிளில் ரெண்டு, பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தவை. ஒன்று அண்ணனிடமிருந்து வாங்கிய கியர் சைக்கிள். இன்னொன்று வீட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிற பழைய கேரியர் சைக்கிள். காலை நாலரை மணிக்குக் கிளம்பினோம். தியாகதுருகம் மலைக்கோட்டை இருட்டில் கரும்பாறையாகத் தெரிந்தது. ஆங்கிலேயருக்கும் மைசூருக்கும் நடந்த சண்டைகளில் பேர் வாங்கின கோட்டை அது. இன்றைக்கு அதன் அடியில் நடக்கிற சண்டை லாரிக்கும் டூவீலருக்கும்தான்.

நம்ம ஊர் உளுந்தூர்பேட்டை - சேலம் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. அந்த ரோட்டைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நாலு வழியாக வருகிற சாலை ஊர்களின் புறவழியில் ரெண்டு வழியாகச் சுருங்கிப் பல வருஷம் எத்தனை பேரை வாங்கியது என்பது ஊருக்கு ஊர் தெரியும். கள்ளக்குறிச்சி வரைக்கும் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் அந்த ரோட்டு ஓரத்தில்தான் ஓட்டினோம். லாரி கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் பெர்னூலி தேற்றத்தைத் தூங்கிக்கொண்டே கேட்டவர்களுக்கு இங்கே ஒரு நொடியில் விழிப்பு வந்துவிடும்.

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் ரோட்டில் திரும்பினதும் சத்தம் குறைந்தது. ஆனால் அதுவும் முழு நிம்மதி இல்லை. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றின டிராக்டர் டிப்பர்கள் வரிசையாக வரும். டிப்பருக்குப் பின்னால் விளக்கு இருந்தால் அதிர்ஷ்டம். மக்காச்சோளம் அறுக்கிற காலத்தில் பாதி ரோடு களமாகிவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. விவசாயிக்குக் களம் இல்லையென்றால் ரோட்டில்தான் காயவைப்பார். சைக்கிள்காரன் கொஞ்சம் ஒதுங்கிப் போய்க்கொள்ளலாம்.

விடிகிற நேரத்துக்கு கோமுகி அணைக்கு வந்து சேர்ந்தோம். 46 அடி அணை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் மலை. அந்த இடத்தில் நின்றபோது வீடியோ காட்டின நண்பன் எதுவும் பேசவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஏற்றத்தில் ஒரு கணக்கு

மலை ஏற ஆரம்பித்ததும் இலவச சைக்கிள்காரர்கள் ரெண்டு பேரும் முதல் வளைவிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். கியர் சைக்கிள்காரன் பாட்டுப் பாடிக்கொண்டே போனான். உடனே "உடம்புல தெம்பு இல்லை" என்று கேலி. நியாயமான கேலியா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஆள் 60 கிலோ, சைக்கிள் 20 கிலோ, மொத்தம் 80 என்று வைத்துக்கொள்வோம். 600 மீட்டர் உயரம் ஏறணும். 80-ஐ 9.8-ஆல் பெருக்கி 600-ஆல் பெருக்கினால் சுமார் 4,70,000 ஜூல். மனித உடம்பின் திறன் கால்வாசிதான். அதனால் உடம்பு செலவழிப்பது அதைப்போல நாலு மடங்கு, ஏறக்குறைய 450 கிலோகலோரி. காலையில் சாப்பிட்ட பொங்கலோடு கணக்கு தீர்ந்தது. இது நாலு சைக்கிளுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அப்புறம் ஏன் ஒருத்தன் தள்ளுகிறான், ஒருத்தன் பாடுகிறான்?

வித்தியாசம் பல்சக்கரத்தில் இருக்கிறது. சாதா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்தால், பெடல் ஒரு சுற்று சுற்ற வண்டி சுமார் 5 மீட்டர் நகரும். 6 சதவீத ஏற்றத்தில் ஒரு சுற்றுக்கு 30 சென்டிமீட்டர் உயரம் ஏறியாகணும். அதற்குக் கால் சராசரியாக 22 கிலோ எடைக்குச் சமமான விசையை விடாமல் கொடுக்கணும். பெடல் மேலேயும் கீழேயும் இருக்கும்போது கால் விசை வீணாகிறதால், மிதிக்கிற நேரத்தில் தேவைப்படுவது இதைவிட ரொம்ப அதிகம். கியர் சைக்கிளில் முன்னால் 28, பின்னால் 28 போட்டால் ஒரு சுற்றுக்கு ரெண்டு மீட்டர்தான் நகரும். விசை 9 கிலோவாகக் குறையும். சுற்ற வேண்டிய எண்ணிக்கைதான் கூடும். வேலை அதேதான், தவணை சின்னதாகிவிடுகிறது. கடன் வாங்கிப் படிக்கிற நமக்கு இதைவிட நல்ல உதாரணம் சொல்ல முடியாது.

இந்த 6 சதவீதம் சும்மா எடுத்த எண் இல்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிகளில் மலைச்சாலைகளுக்கு வழக்கமான சரிவாக 5, 6 சதவீதம்தான் சொல்லியிருக்கிறது. பாரம் ஏற்றின லாரி இன்ஜின் திணறாமல் ஏறுவதற்காகப் போட்ட கணக்கு அது. அதே சரிவு சைக்கிள்காரன் காலுக்கும் பொருந்தி வருகிறது. அதாவது, மலை ஏறும் சைக்கிள் பாதைக்குத் தனியாகப் பாறை உடைக்கவேண்டிய அவசியமே இல்லை. பாதை ஏற்கனவே இருக்கிறது. அதில் கொஞ்ச நேரம் பயமில்லாமல் ஓட்ட முடிகிறதா என்பதுதான் கேள்வி.

ஆரம்பத்தில் முடிந்தது. மேலே மேகம், கீழே அணைத் தண்ணீர், காட்டுக்கோழிச் சத்தம். அரைமணி நேரத்தில் ஒரு பஸ், ரெண்டு டூவீலர், அவ்வளவுதான். எட்டு மணிக்கு மேல் நிலைமை மாறியது. வெளியூர் கார்கள் வர ஆரம்பித்தன. கொண்டை ஊசி வளைவில் ஹாரன்கூட அடிக்காமல் வலது பக்கம் ஏறி வருகிற கார்கள். சைலன்சரை மாற்றின பைக்குகள் எட்டு, பத்து சேர்ந்து வரும். ஒரு வளைவில் எங்கள் பால் கேன் சைக்கிள்காரன் ஓரத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். கண்ணாடி அவன் முழங்கையை உரசிவிட்டுப் போனது. கார் நிற்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காயம் இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஓட்டவே இல்லை, மீதி தூரம் தள்ளிக்கொண்டே வந்தான்.

பஸ் நிறுத்தத்தில் கேட்டது

இந்தக் கட்டுரை அங்கேயே முடிந்திருக்கும். "மலைச்சாலையில் கார்களைத் தடை செய்" என்று தலைப்பு வைத்து அனுப்பியிருப்பேன். ஆனால் வழியில் ஒரு நிறுத்தத்தில் தண்ணீர் குடிக்க நின்றோம். ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாக்கில் கட்டின கடுக்காய். "எங்கப்பா போறீங்க?" என்று கேட்டார். வெள்ளிமலைக்கு என்றோம். "ஐயா, ரோடு நல்லா அமைதியா இருக்குங்க, வண்டியே இல்ல" என்று என் நண்பன் சந்தோஷமாகச் சொன்னான்.

பெரியவர் சிரித்தார். "உங்களுக்கு வண்டி இல்லன்னா சந்தோஷம் தம்பி. எனக்கு வண்டி இல்லாததாலதான் ரெண்டு மணி நேரமா இங்க உக்காந்திருக்கேன்" என்றார்.

அதுதான் உறுத்தல். வேல்ஸில் அந்த ரோடு காலியாக இருப்பதற்கு ஒரு காரணம், கல்வராயன் ரோடு காலியாக இருப்பதற்கு வேறு காரணம். நாம் அமைதி என்று படம் எடுக்கிறது, மலையாளிப் பழங்குடி மக்களுக்கு வராத பஸ். இந்த மலை பல தலைமுறையாக மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கி ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, 1976-ல்தான் அரசு நிர்வாகம் முழுசாக இங்கே வந்தது. ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதற்கப்புறம்தான் மெதுவாக மலை ஏறின. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதற்குப் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கு எடுத்தது. சாலை, போக்குவரத்து போன்ற அடிப்படை வசதிகள்தான் அதில் பேச்சு. அரசாங்கத்துக்கே நீதிமன்றம் ஞாபகப்படுத்தவேண்டிய நிலையில் இருக்கிற ஒரு மலையில் போய் நின்று "வண்டியே வேண்டாம்" என்று கோஷம் போட நமக்கு உரிமை இல்லை.

அதனால் என் கோரிக்கையை மாற்றிக்கொண்டேன். ரோட்டில் வண்டியே இருக்கக்கூடாது என்று கேட்கவில்லை. யார் வண்டிக்கு முதல் உரிமை என்பதை வரிசைப்படுத்தணும் என்று கேட்கிறேன். முதலில் ஆம்புலன்ஸ், பஸ். அடுத்தது மலை மக்களின் சொந்த வண்டி, விளைச்சல் ஏற்றுகிற வண்டி. அடுத்தது நடப்பவரும் சைக்கிளும். கடைசியில்தான் ஊர் சுற்ற வருகிற கார், பைக். இன்றைக்கு இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பெரியவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் பஸ் வரவில்லை, டூரிஸ்ட் கார் பத்துக்கு மேல் போனது.

கேட்பது என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி முதல் 9 மணி வரை மூணு மணி நேரம். கோமுகி அணைப் பக்கத்து அடிவாரத்தில் இருந்து மலைமேல் சமதளம் வருகிற வரைக்கும் உள்ள ஏற்றப் பகுதி மட்டும். அந்த நேரத்தில் வெளியூர் சுற்றுலாக் கார்களும் பைக்குகளும் அடிவாரத்தில் காத்திருக்கணும். பஸ், ஆம்புலன்ஸ், மலை மக்கள் வண்டி, காய்கறி, பால், மரவள்ளி ஏற்றின வண்டி எல்லாம் வழக்கம்போலப் போகும். மேலிருந்து கீழே வருகிற எந்த வண்டிக்கும் தடை இல்லை. ஏறுவதற்கு மட்டும்தான். ஒரு தடுப்புக் கம்பி, ரெண்டு ஆள், ஒரு அறிவிப்புப் பலகை, செலவு அவ்வளவுதான்.

மூணு மணி நேரம் போதுமா? 6 சதவீத ஏற்றத்தில் 600 மீட்டர் உயரம் ஏறப் பத்து கிலோமீட்டர் வேணும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒண்ணேகால் மணி நேரம். டீ குடித்து மூச்சு வாங்கி, பத்திரமாக இறங்கிவரப் பாக்கி நேரம் தாராளம்.

"இதெல்லாம் நம்ம நாட்டுல நடக்குமா?" என்பவர்களுக்கு: நடந்துகொண்டுதான் இருக்கிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் முதல் காலை வரை வண்டி போகாது. அங்கே சாயங்காலம் போனவர்களுக்குத் தெரியும், குழந்தைகள் நடுரோட்டில் ஓடும், அதனால் கடைகளுக்கு வியாபாரம் கூடித்தான் இருக்கிறது. சத்தியமங்கலம் திம்பம் மலைச்சாலையில் 2022 பிப்ரவரி முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. காட்டு விலங்குகள் அடிபட்டுச் சாகிறதைத் தடுக்க வந்த கட்டுப்பாடு அது. அவசர வண்டிகளுக்கு விலக்கும் உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. அடுத்த வருஷம் நீலகிரிக்குள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று சீசனுக்கு எண்ணிக்கையே வரையறுத்தார்கள். உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் அந்தக் கணக்கு இல்லை. நான் சொல்கிற அதே வரிசைதான். ஒரு வித்தியாசம் உண்டு. ஊட்டி மூச்சுமுட்டின பிறகு, நீதிமன்றம் தலையிட்டு அது வந்தது. கல்வராயன் இன்னும் மூச்சுமுட்டவில்லை. இப்போதே பழக்கிவிட்டால் யாருக்கும் எதையும் பிடுங்கின மாதிரி இருக்காது.

வெளிநாட்டில் கொலம்பியாவின் போகோட்டா நகரம் 1974-ல் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலை முதல் மதியம் 2 மணி வரை பெரிய சாலைகளையே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிடுகிறது. இன்றைக்கு அது 100 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பணக்கார ஊர் இல்லை அது. புது ரோடு போடவும் இல்லை. இருக்கிற ரோட்டின் நேரத்தைப் பங்கு போட்டது, அவ்வளவுதான்.

நம்ம வீடியோவில் பார்த்த வேல்ஸும் அப்படித்தான். வடக்கே ஹோலிஹெட்டில் இருந்து தெற்கே கார்டிஃப் வரை லோன் லாஸ் கம்ரி என்ற சைக்கிள் வழி, சுமார் 400 கிலோமீட்டர், 1995-ல் திறந்தது. அதில் பெரும்பங்கு ஏற்கனவே இருந்த கிராமத்துச் சின்ன ரோடுகளும் பழைய ரயில் பாதைகளும்தான். இலான் பள்ளத்தாக்கில் நூறு வருஷத்துக்கு முன்னால் பர்மிங்காம் நகரத்துக் குடிதண்ணீருக்காக அணைகள் கட்டினார்கள். கட்டுமானப் பொருள் ஏற்றிப்போன ரயில் பாதை இன்றைக்கு சைக்கிள் பாதை. 2013-ல் அங்கே ஒரு சட்டமே போட்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்ற வழிகளை வரைபடமாகப் போட்டு மேம்படுத்தும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். 2023 செப்டம்பரில் ஊருக்குள் இருக்கிற பெரும்பாலான ரோடுகளில் வேக வரம்பை மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அதற்கு எதிர்ப்பும் பலமாக வந்தது. அங்கேயும் எல்லாரும் கைதட்டி வரவேற்கவில்லை. அந்தப் பச்சை மலை இயற்கை கொடுத்தது. அந்த அமைதிக்கு மனுஷர்கள் சண்டை போட வேண்டியிருந்தது.

கோமுகி அணைக்கும் வாய்க்கால் கரைகள் உண்டு. நம்ம ஊர்களில் ஏரிக்கரைகள் உண்டு. மலைச்சாலைக்கு அடுத்து இவற்றையும் பார்க்கலாம். தேசிய நெடுஞ்சாலையைத் தொடாமல் தியாகதுருகத்தில் இருந்து அணை வரைக்கும் கரையும் உள்ரோடுமாகச் சேர்த்து ஒரு வழி கோர்க்க முடியுமா என்பது சிவில் மாணவர்களுக்கு நல்ல பிராஜெக்ட்.

இது வெறும் ஜாலியா?

"ஞாயிற்றுக்கிழமை நாலு பசங்க சைக்கிள் ஓட்ட ரோட்டை மூடணுமா?" என்று கேட்டார் ஒரு பேராசிரியர். நல்ல கேள்வி. அதற்கு என் பதில் எங்கள் வகுப்புப் பெண்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். அரசு சைக்கிள் வாங்கின பெண்களில் பாதிக்கு மேல் இப்போது ஓட்டுவதில்லை. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "ஹைவே தாண்டணும், வீட்ல விடமாட்டாங்க." 2001-02-ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கின திட்டம் இது. 2005-06-ல் இருந்து மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது நாடே பேசின விஷயம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அந்தப் பெண்கள் படிப்போடு சேர்த்துக் கற்றுக்கொண்டது, யாரையும் எதிர்பார்க்காமல் ஊர்விட்டு ஊர் போவதை. சைக்கிளை அரசாங்கம் கொடுத்துவிட்டது. அதை ஓட்டப் பயமில்லாத ரோட்டை யார் கொடுப்பது? வாரத்தில் ஒரு நாள், மூணு மணி நேரம், ஒரு பெண் தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு தைரியமாக ஓட்டக்கூடிய ஒரு ரோடு இருந்தால், மீதி ஆறு நாளும் அவள் சும்மா இருக்கமாட்டாள். அடுத்து ஊருக்குள் ரோடு கேட்பாள்.

குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறை நம்ம அப்பாக்களுடையது. மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுத்து, காலில் ரத்தம் வர விழுந்து கற்றுக்கொண்டார்கள். அவர்கள் விழுந்த ரோட்டில் பின்னால் லாரி வரவில்லை. அதனால்தான் எழுந்து வந்தார்கள்.

நாம் செய்யவேண்டியது

கோரிக்கை வைக்கிறவன் முதலில் தன் பங்கைச் செய்யணும்.

முதலாவது, கணக்கு. எந்த நேரத்தில் எத்தனை கார், எத்தனை பைக், எத்தனை பஸ் ஏறுகிறது என்று நம்மிடம் எண் இல்லை. நான் பார்த்தது ஒரு ஞாயிறு மட்டும். டிராஃபிக் இன்ஜினியரிங் பாடத்தில் வண்டி எண்ணுகிற முறையைப் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், மறக்கிறோம். நாலு ஞாயிறு அடிவாரத்தில் உட்கார்ந்து வண்டி வகை வாரியாக எண்ணுவோம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

ரெண்டாவது, அனுமதி. ரோடு யார் வீட்டு வாசலில் போகிறதோ அவர்களிடம் கேட்கணும். மலை ஊராட்சிகளின் கிராம சபையில் பேசாமல் இந்த மனு போகக்கூடாது. அவர்கள் "காலை 6 மணி எங்களுக்குச் சந்தைக்குப் போகிற நேரம், வேற நேரம் பாருங்க" என்றால் வேறு நேரம் பார்க்கணும். "வேண்டாம்" என்றால் விட்டுவிடணும். கூடவே அவர்கள் கேட்கிற பஸ்ஸையும் நம் மனுவில் முதல் வரியாக எழுதணும். பஸ் கேட்டுக் கையெழுத்துப் போடாதவனுக்கு சைக்கிள் ரோடு கேட்கத் தகுதி இல்லை என்பது என் கருத்து.

மூணாவது, ஒழுங்கு. கார்க்காரனைத் திட்டிவிட்டு நாமும் அதையே செய்யக்கூடாது. வாட்டர் பாட்டில், பிஸ்கெட் கவர் எல்லாம் திரும்பக் கீழே வரணும். மலைக் குழந்தைகளைக் கேட்காமல் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடக்கூடாது. டீயும் சாப்பாடும் மேலேயே வாங்கிச் சாப்பிடணும். கீழே இருந்து கட்டிக்கொண்டு போய் அங்கே குப்பை மட்டும் கொடுத்துவிட்டு வரக்கூடாது.

நாலாவது, பிரேக். ஏறும்போது சேர்த்த அந்த 4,70,000 ஜூலில் பெரும்பகுதி இறங்கும்போது பிரேக் கட்டையில் சூடாகப் போகிறது. இலவச சைக்கிளின் சின்ன ரப்பர் கட்டை அதைத் தாங்குவது கஷ்டம். இரும்பு ரிம் நனைந்தால் பாதிப் பிடிப்பும் போய்விடும். நாங்கள் இறங்கும்போது வளைவுக்கு வளைவு நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்தோம், விரல் சுட்டது. வேகம் இரட்டிப்பானால் இயக்க ஆற்றல் நாலு மடங்கு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் கொண்டை ஊசி வளைவில் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க முடியாது. மெக்கானிக்கல் துறை நண்பர்கள் மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிரேக் கட்டை, கேபிள், செயின் பார்த்துக் கொடுக்கிற ஒரு பட்டறை நடத்தினால் எத்தனையோ தங்கச்சிமார் சைக்கிள் திரும்ப ரோட்டுக்கு வரும்.

கடைசியாக

அன்றைக்குத் திரும்பி வரும்போது அதே நிறுத்தத்தைத் தாண்டினோம். பெரியவர் இல்லை. பஸ் வந்து ஏறினாரா, அல்லது யாராவது டூவீலரில் கூட்டிப்போனார்களா தெரியவில்லை. கார் உரசின நண்பன் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றான். "அடுத்த தடவை நான் ஓட்டித்தான் ஏறுவேன்" என்றான். அதற்கு அவனுக்கு ஒரு கியர் சைக்கிளும், மூணு மணி நேரம் கார் இல்லாத ஒரு ரோடும் வேணும். சைக்கிள் நான் கொடுக்கிறேன் என்று அண்ணன்கிட்ட கேட்டு வைத்திருக்கிறேன். ரோட்டுக்கு நாம் எல்லாரும் சேர்ந்துதான் கேட்கணும்.

செமஸ்டர் தேர்வு முடிந்த முதல் ஞாயிறு, காலை 6 மணிக்கு கோமுகி அணைப் பக்கத்தில் வண்டி எண்ணப் போகிறோம். பேனா, அட்டை, தண்ணீர் பாட்டில் போதும். வருகிறவர்கள் இந்த இதழ் ஆசிரியர் குழுவிடம் பெயர் கொடுங்கள். சைக்கிளில்தான் வரணும் என்று கட்டாயம் இல்லை. பஸ்ஸில் வந்தாலும் சரி. அப்படி வந்தால் அந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் நம் கணக்கில் சேரும்.